கவட்டு வலியும் குடலிறக்கமும்

உடலின் நடுப்பகுதியும் கால்களும் கூடும் எல்லை கவடு எனப்படும். வயிற்றுச் சுவர் இங்கே முடிகிறது. தொடை இங்கே தொடங்குகிறது. இடுப்பு மூட்டு இவ்விரண்டுக்கும் பின்னே ஆழத்தில் அமைந்திருக்கிறது. காலுக்குச் செல்லும் பெருங்குருதிக் குழாய்களும் நரம்புகளும் இவ்வழியே இறங்குகின்றன. ஆகவே, கவட்டில் தோன்றும் வலி பல உறுப்புகளுக்குப் பொதுவானது. வலி உணரப்படும் இடம் ஒன்றாகவும், அது பிறக்கும் இடம் மற்றொன்றாகவும் இருத்தல் கூடும் என்பதே இதனை ஆராய்வோர் கைக்கொள்ள வேண்டிய முதல் நெறி. திங்கள் பல கடந்தும் தீராத வலியோடு வாழ்வோர், இந்நெறி அறியாமையால், கவட்டில் வலித்தாலே குடலிறக்கம் என்று அஞ்சுகின்றனர். அல்லது வெறும் தசைப்பிடிப்பு என்று ஒதுக்கிவிடுகின்றனர்.

இவ்வுறுப்புகளின் தொழிலை ஓரிடத்தில் காண விழைவோர் மைசூருக்கு வடக்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், இன்றைய மண்டியா மாவட்டத்தில் உள்ள மேல்கோட்டைக்குச் செல்லலாம். அவ்வூர்க் குன்றின் உச்சியிலுள்ள நரசிங்கர் கோயிலுக்குப் படியேறுவோர் ஒவ்வோர் அடியிலும் தொடையை வயிற்றை நோக்கி மடக்குகின்றனர். முதுகெலும்பின் அடிப்பகுதியில் தோன்றிக் கவட்டின் வழியாகத் தொடையெலும்பில் வந்து பொருந்தும் இடுப்பு மடக்குத் தசை அப்போது சுருங்குகிறது. மூட்டின் பந்து தன் கிண்ணத்துள் உருள்கிறது. பங்குனியில் வைரமுடித் திருவிழாவின் இரவில் உற்சவரான செல்வப்பிள்ளையைத் தோளில் சுமக்கும் சீர்பாதம் தாங்கிகளின் உழைப்போ வேறு வகையினது. தண்டைத் தூக்கும் நொடியில் அவர்கள் மூச்சை அடக்குகின்றனர். நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் இடைத்திரைத் தசை கீழே அழுந்துகிறது. வயிற்றுச் சுவர் இறுகுகிறது. உள்ளழுத்தம் உயர்ந்து, சுவரில் எங்கே வலிமை குறைவோ அங்கே சென்று முட்டுகிறது. படியேற்றம் மூட்டையும் தசையையும் சோதிக்கிறது. சுமை சுவரைச் சோதிக்கிறது.

அச்சுவரின் வலிமை குன்றிய இடம் கவட்டுக் கால்வாய். வளர்ந்தோரிடம் ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் நீளமுள்ள இச்சாய்வழிக்கு உள்வாயில், வெளிவாயில் என இரண்டு வாயில்கள் உண்டு. ஆண் குழந்தை கருப்பையில் வளரும்போது, வயிற்றுக்குள் தோன்றிய விரைகள் இவ்வழியே இறங்கி விரைப்பையை அடைகின்றன; உடன் இறங்கிய உள்ளுறைச் சவ்வின் நீட்சி பின்னர் மூடிக்கொள்ள வேண்டும். மூடாது எஞ்சினால் பிறவியிலேயே ஒரு பை ஆயத்தமாகக் காத்திருக்கும். குடலோ கொழுப்போ அப்பைக்குள் உள்வாயில் வழியே புகுவது சாய்விறக்கம். கால்வாயின் பின்சுவர் ஆண்டுகள் செல்லச்செல்ல நலிந்து நேரே பிதுங்குவது நேரிறக்கம். கால்வாய்க்குக் கீழே, தொடைக் குருதிக் குழாய்க்கு அருகே இறங்குவது தொடையிறக்கம். தம் வாழ்நாளில் ஆண்களில் ஏறத்தாழ 27 விழுக்காட்டினரும் பெண்களில் 3 விழுக்காட்டினரும் கவட்டுக் குடலிறக்கத்துக்கு ஆளாகின்றனர். தொடையிறக்கம் பெண்களிடமே மிகுதி. குருதி தடைப்பட்டு நெரிவுறும் இடரும் அதற்கே மிகுதி. சுமை தூக்குதல் ஒன்றே குடலிறக்கத்தைப் படைத்துவிடுவதில்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்ல வேண்டும். திறந்த பையோ நலிந்த சுவரோ முன்னரே இருந்தாலன்றி, அழுத்தத்துக்கு வழி இல்லை.

இனி, குடலிறக்கம் அல்லாத கவட்டு வலிகள். 2014-இல் கத்தார் நாட்டின் தோகா நகரில் கூடிய வல்லுநர்கள் விளையாட்டு வீரரின் கவட்டு வலியை வகைப்படுத்தினர்: தொடையை உள்நோக்கி இழுக்கும் தசைகளைச் சார்ந்தது, இடுப்பு மடக்குத் தசையைச் சார்ந்தது, கவட்டுக் கால்வாயைச் சார்ந்தது, முன்னிடுப்பெலும்பைச் சார்ந்தது என நான்கு, இடுப்பு மூட்டைச் சார்ந்தது தனி, பிற கரணியங்கள் தனி. வீரர்க்கென வகுத்த இவ்வரிசை, என் கருத்தில், படியேறும் முதியவருக்கும் வயலில் குனியும் உழவருக்கும் அப்படியே பொருந்தும்.

பகுத்தறியும் முறையிலும் ஓர் அழகிய ஒழுங்கு உண்டு. மூட்டு நோயாளியிடம் "எங்கே வலிக்கிறது?" என்று வினவினால், அவர் ஒரு விரலால் சுட்டுவதில்லை; கட்டைவிரலைப் பின்னும் மற்ற விரல்களைக் கவட்டிலுமாக வைத்து, இடுப்பின் பக்கத்தைப் பிறைபோல் பற்றிக்காட்டுகிறார். தொடையை மடக்கி உட்புறம் திருப்பும்போது அவருக்குக் குத்துகிறது; வலி முழங்கால் வரை ஓடுவதும் உண்டு. குடலிறக்கம் உடையவரோ நெடுநேரம் நின்ற மாலையில் கவட்டில் கனத்தையும் இழுவையையும் உணர்கிறார். படுத்தால் அவை தணிகின்றன. அவரை நிற்கச் செய்து, வெளிவாயிலில் விரல் நுனியை வைத்து இருமச் சொன்னால், உள்ளிருந்து ஓர் உந்தல் விரலில் வந்து தட்டும். நரம்பு வலியில் எரிச்சலும் சுரீர் என்னும் பாய்ச்சலும் உண்டு. குத்தல், இழுவை, குடைச்சல், கடுப்பு, எரிச்சல் என்று வலியை வேறுபடுத்திச் சொல்லும் ஆற்றல் நம் மொழியில் இயல்பாகவே அமைந்திருக்கிறது. தன் வலியை அவ்வாறு பகுத்துச் சொல்லும் நோயாளர் மருத்துவரின் பணியில் பாதியை முடித்துவைக்கிறார். ஐயம் எஞ்சுமிடத்துக் கேளா ஒலி ஆய்வும், மூட்டுக்கு ஊடுகதிர்ப் படமும் காந்த ஒத்திசைவுப் படமும் துணைநிற்கும். படத்தில் மட்டும் தென்படும் சிறு இறக்கமே வலியின் ஊற்று என்று முடிவுகட்டுதல் தகாது. மூட்டின் வலிக்குச் சுவரைத் தைத்தால், தையல் ஆறியபின்னும் வலி நீடிக்கும்.

குடலிறக்கம் உறுதியானாலும் உடனே அறுவை வேண்டுமா? 2006-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு, தொல்லை மிகாத 720 ஆண்களை அறுவை செய்துகொள்வோர், காத்திருப்போர் என இரு பிரிவாக்கிப் பார்த்தது. காத்திருந்தோரில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினர் ஈராண்டில் அறுவைக்கு வந்தனர். பெரும்பாலோரை அழைத்துவந்தது மிகுந்த வலியே. திடீர் நெரிவோ, ஆயிரம் பேரை ஓராண்டு கண்காணித்தால் இருவருக்கும் குறைவாகவே நேர்ந்தது. ஆகவே, இத்தகையோர்க்குக் கண்காணித்துக் காத்திருத்தலும் ஒரு மருத்துவமே. தொடையிறக்கத்துக்கு அது பொருந்தாது. காத்திருப்போர் மலச்சிக்கலையும் நாட்பட்ட இருமலையும் தீர்த்துக்கொள்ளல் வேண்டும். புகையை விடல் வேண்டும். இடுப்புப் பட்டை பிதுக்கத்தைத் தாங்குமேயன்றித் துளையை அடைக்காது. ஆனால், உள்ளே சென்றுவந்த வீக்கம் திடீரென மீளாது நின்று, கல்லாக இறுகி, கடுவலியும் குமட்டலும் கக்கலும் தொடர்ந்தால், குடலுக்குக் குருதி தடைப்படுகிறது என்று உணர்க. அப்போது இழக்கும் ஒவ்வொரு மணியும் குடலின் உயிரைக் குறைக்கும். நேரே அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும்.

இனி, அறுவை முறை வளர்ந்த வழி. இத்தாலியின் பதுவா நகரத்து அறுவை மருத்துவர் எதுவார்தோ பசினி 1887-இல் கால்வாயின் பின்சுவரைத் தசையால் புதுப்பிக்கும் முறையை அறிவித்தார். தசையை இழுத்துத் தைத்ததால் தையல் சிலரிடம் பிரிந்தது. ஏறத்தாழ நூறாண்டு கழித்து, இலாசு ஏஞ்சலிசு நகரத்து அறுவை மருத்துவர் இலிக்டன்சுடைன் தசையை இழுக்காமல் செயற்கை வலையை வைத்துத் தைத்தார். இடர் குறைந்தது, செலவு உயர்ந்தது. செலவுக்கு விடை இந்தியச் சிற்றூரிலிருந்து வந்தது. மகாராட்டிரத்துத் தோண்டாயிச்சாவில் பணியாற்றிய அறுவை மருத்துவர் இரவீந்திரநாத் தோங்காங்கர், கொசுவலைத் துணியைத் தூய்மைப்படுத்தி அவ்வலைக்கு மாற்றாகப் பொருத்தினார். அவரும் உடன் பணியாற்றியோரும் 2003-இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். உகாண்டாவில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வு, விலை குறைந்த அவ்வகை வலையும் வணிக வலையும் ஓராண்டில் ஒத்த பயனையே தந்தன என்று காட்டியது. ஏழைக்கு ஒரு தரமும் செல்வருக்கு ஒரு தரமும் என்றிருந்த வேறுபாட்டைக் கொசுவலையால் அழிக்க முடியும் என்பது மருத்துவ வரலாற்றில் பொறிக்கத்தக்க செய்தி.

அறுவைக்குப் பின்னும் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு ஓரளவு வலி நீடிக்கிறது; கால்வாயை ஒட்டி ஓடும் மூன்று மெல்லிய நரம்புகளை இனங்கண்டு காத்தால் அது குறையும். தம் மருத்துவர் இவ்வலியின் வாய்ப்பை முன்னரே எடுத்துரைக்க வேண்டும் என்று கேட்பது நோயாளரின் உரிமை. சிக்கலின்றி முடிந்த அறுவைக்குப் பின், மூன்று முதல் ஐந்து நாள்களில், உடல் இசைந்த அளவில் இயல்பான வேலைகளைத் தொடங்கலாம் என்பதே 2018-ஆம் ஆண்டின் அனைத்துலக வழிகாட்டுநெறி.