பல்கலைக்கழகம் விலகிய பிறகும்

சிலி நாட்டின் சாண்டியாகோ நகரில் 1927இல் உருவான ‘உனிவர்சிதாத் தே சிலே’ கால்பந்துக் கழகம் இன்று மாணவர் அணி அல்ல. முழுக்கத் தொழில்முறை அணி. ஆனாலும் அதன் பல்கலைக்கழக வேர் வெறும் பெயர்ப் பலகை அல்ல என்பதே என் வாதம். 1959 முதல் 1969 வரை ஆறு முறை நாட்டின் சாம்பியன் பட்டத்தை வென்றது, ‘நீல பாலே’ என்று கொண்டாடப்பட்ட இதன் அணி. 1962 உலகக் கோப்பையில் மூன்றாம் இடம் பிடித்த சிலி அணியிலும் இதன் வீரர்கள் பலர் இருந்தார்கள். அத்தொடரில் நான்கு கோல் அடித்த லியோனல் சான்செஸ் அவர்களில் முதன்மையானவர்.

ராணுவ ஆட்சியாளர் பினோசேயின் காலத்தில் கழகம் பல்கலைக்கழகத்திலிருந்து பிரிக்கப்பட்டது, 2006இல் திவாலானது, மறு ஆண்டே நிர்வாகம் ‘அசுல் அசுல்’ என்ற பங்கு நிறுவனத்தின் கைக்குப் போனது. அப்புறம் என்ன பல்கலைக்கழகம் என்று கேட்பது நியாயமே. ஆனால் உறவு நிர்வாகத்தோடு முடிந்துவிடுவதில்லை. 1969க்குப் பிறகு 25 ஆண்டுகள் லீக் பட்டம் இல்லை. நடுவே இரண்டாம் பிரிவுக்கும் இறங்க நேர்ந்தது. வெற்றியை மட்டும் நம்பி வந்த ரசிகர் கூட்டம் என்றால் அப்போதே கலைந்திருக்கும். கலையவில்லை. 1994இல் பட்டம் திரும்பியது. 2011இல் சம்பவோலி பயிற்சியில் ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் தென்னமெரிக்கக் கோப்பையும் கிடைத்தது. பல்கலைக்கழக மரபிலிருந்து வந்த ஆந்தையே இன்றும் கழகத்தின் சின்னம். சொந்த மைதானம்தான் இன்னும் இல்லை. இத்தனை ரசிகர்களைக் கொண்ட கழகத்துக்கு அது பெரிய குறை.