கால்மாட்டில் ஒரு தட்டு

பாரதத்திலே ஒரு காட்சி. துவாரகையில் கண்ணன் துயில்கின்றான். படைத்துணை வேண்டி முதலில் வந்த துரியோதனன் தலைமாட்டிலே ஆசனம் கண்டு அமர்கின்றான். பின்னர் வந்த அருச்சுனன் கால்மாட்டிலே கைகூப்பி நிற்கின்றான். விழித்த கண்ணனுடைய பார்வை முதலிற் பட்டது கால்மாட்டில் நின்றவன் மேலேதான். போரின் முடிவு அக்கணத்திலேயே எழுதப்பட்டுவிட்டது என்பர் கதாப்பிரசங்கிமார். கட்டிலின் கால்மாட்டுக்கு நமது இலக்கியத்திற் கிடைத்த மிகப் பெரிய கௌரவம் இதுவாகவே இருத்தல் வேண்டும்.

நக்கீரர் நெடுநல்வாடையிற் பாண்டிமாதேவியின் கட்டிலை எத்துணை விரிவாகக் காட்டுகின்றார்! யானைக்கொம்பின் வேலைப்பாடு, அன்னத்தின் தூவி பெய்த அணை, கஞ்சியிட்டு வெளுத்த மடி என ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்கின்றார். அம்மடியைக் களைந்தபோது பணிப்பெண்கள் அதை எங்கே வைத்தனர் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. புலவர் சொல்லவேண்டிய சங்கதியும் அதுவன்று. ஆயினும், நோயாளரைப் பேணும் தாதி ஒருத்தியைக் கேட்டுப்பாருங்கள். கட்டிலைப் பற்றிய முதற் கேள்வியே அதுதான் என்று அவள் சொல்லக்கூடும்.

எனக்கு இந்த ஞானம் பிறந்தது ஒரு வைத்தியசாலை வாட்டிலே. சில ஆண்டுகளுக்கு முன் என் தாயார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து, தொடையெலும்பு முறிந்து அங்கே கிடந்தார். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு கதிரை. பார்க்கச் சென்றவன் அதில் அமர்ந்து ஐந்து நிமிடம் ஆகியிராது. இளந் தாதி ஒருத்தி வந்து, "சேர், கதிரையை ஒருக்காத் தாங்கோ" என்றாள். எழுந்து கொடுத்தேன். மேல்விரிப்பை எடுத்து மடித்துக் கதிரையின் முதுகிற் போட்டாள். அதன்மேற் போர்வை. அதன்மேல் தலையணை. தாயாரை ஒருபுறம் மெல்லப் புரட்டி, கீழ்விரிப்பை உருவிப் புதியதை இட்டுக்கொண்டிருந்த வேளையில் தலையணை சரிந்து தரையில் விழுந்தது. அவளுடைய கைகள் இரண்டும் என் தாயாரின் முதுகின் கீழே இருந்தன, என்ன செய்வாள்? வேலை முடிந்தபின் குனிந்து எடுத்து, இரண்டு தட்டுத் தட்டி, மறுபடியும் தலைமாட்டில் வைத்தாள். அடுத்த கட்டிலிற் கிடந்தவருக்கு வயிற்றில் ஆறாத புண். அந்த இரண்டு தட்டுகளில் எழுந்த தூசி அவர் பக்கமாகப் போனதை நான் கண்டேன். ஆனால் அதன் பொருள் அப்போது எனக்கு விளங்கவில்லை.

பின்னர் தாதிமைக் கல்வி பற்றிய பழைய பாடநூல்களைப் புரட்டினேன். அங்கே கட்டில் விரிக்கும் பாடத்தின் முதல் விதி இதுதான்: வேலையைத் தொடங்குமுன் கால்மாட்டில் இரண்டு கதிரைகளைக் கொண்டுவந்து வைத்தல் வேண்டும். ஒவ்வொரு துணியையும் மூன்றாக மடித்து, கழற்றிய ஒழுங்கிலேயே அவற்றின் மேல் இடுதல் வேண்டும். எக்காரணங் கொண்டும் துணியின் நுனி தரையைத் தொடலாகாது. துணியை உதறவும் கூடாது. இங்கிலாந்தின் தாதிமார் பல தலைமுறையாக இவ்விதியை மனனஞ் செய்து பரீட்சை எழுதியவர்கள். விதி நல்ல விதிதான். ஆனால் முப்பது கட்டில்கள் கொண்ட வாட்டில் நாளுக்கு இரண்டு முறை கதிரைகளை இழுத்துச் செல்வது எவ்வளவு வேலை என்பதை விதி எழுதியவர்கள் எண்ணிப் பார்த்தார்களோ என்னவோ.

விதியின் உட்பொருள் வெளிச்சத்துக்கு வந்தது 1940களில். கட்டில் விரிக்கும் நேரத்தில் வாட்டின் காற்றைச் சோதித்தவர்கள், அதிலுள்ள கிருமிகளின் தொகை திடீரென உயர்வதைக் கண்டனர். மனிதனின் தோல் இடைவிடாது நுண்ணிய செதில்களாக உதிர்ந்துகொண்டே இருக்கிறது. அச்செதில்கள் கம்பளியின் மயிர்களுக்குள்ளே ஒளிந்திருக்கின்றன. ஒவ்வோர் உதறலிலும் கிருமிகளைச் சுமந்துகொண்டு மேலெழுகின்றன. கம்பளிப் போர்வைக்கும் தரைக்கும் எண்ணெய் பூசித் தூசியை அடக்கவும் அந்நாளில் முயன்றனர். 1950களில் பெனிசிலினுக்கு அடங்காத கிருமிகள் உலகின் பல வைத்தியசாலைகளிற் பரவியபோது, கொதிநீரில் அவிக்க இயலாத கம்பளியின் மேலே பலருடைய பார்வையும் திரும்பியது. பிரித்தானிய வைத்தியசாலைகளிற் கம்பளிக்குப் பதிலாகப் பருத்திப் போர்வைகள் புகத் தொடங்கியது அக்காலத்திலேதான். தரையிற் படாமல், உதறாமல், ஓரிடத்தில் அமைதியாக வைப்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்ற பழைய தாதிமாரின் பிடிவாதம் வெறும் ஒழுங்குப் பித்து அன்று என்பதும் அப்பொழுது தெளிவாயிற்று.

புளோரன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரை இங்கே நினையாமல் இருக்க முடியவில்லை. விளக்கேந்திய சீமாட்டி என்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கின்றோம். அவர் 1859 ஆம் ஆண்டில் எழுதிய தாதிமைக் குறிப்புகளிற் படுக்கைக்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கினார் என்பதைச் சொல்லிக் கொடுப்பதில்லை. அலங்காரத்துக்காக மேலே விரிக்கும் கனத்த பருத்தி விரிப்பை அவர் கடுமையாக வெறுத்தார். நோயாளியின் உடலிலிருந்து எழும் ஆவியை அது வெளியே விடாது அடைத்துவிடும் என்பது ஒரு காரணம். மெலிந்த நோயாளிக்குத் துணியின் பாரமே துன்பமாகும் என்பது மற்றது. கட்டில் சாய்மணைக் கதிரையிலும் உயரமாக இருந்தால், ஏறி இறங்கும் களைப்பே நோயாளியின் சிறு நடைக்கும் தடையாகிவிடும் என்றும் எழுதினார். ஆவியைப் பற்றிய அவருடைய கொள்கை இன்று செல்லாது. கிருமிகளைப் பற்றிய அறிவு நிலைபெறாத காலம் அது. ஆனால் பாரத்தையும் உயரத்தையும் பற்றி அவர் சொன்னதில் ஒரு சொல்லைத்தானும் மாற்ற வேண்டியதில்லை.

அவர் எழுதி ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு கழிந்தபின் இலண்டனில் ஒரு காரியம் நடந்தது. அந்நகர வைத்தியசாலைகளின் நலனுக்காக 1897 இல் தொடங்கப்பட்டு, பின்னர் மன்னர் எட்வேர்டின் பெயரைத் தாங்கிய நிதியம் ஒன்றுண்டு. 1960களின் தொடக்கத்தில் அந்நிதியத்தார் வைத்தியசாலைக் கட்டிலை ஆராயத் தலைப்பட்டனர். நாட்டிலே எண்ணற்ற வகைக் கட்டில்கள். ஒன்றின் உறுப்பு மற்றொன்றுக்குப் பொருந்தாது. தாதிமாருக்கு வசதியான உயரம் நோயாளிக்கு ஆகாது. நோயாளிக்கு இசைந்த உயரம் தாதியின் முதுகை முறிக்கும். சத்திரசிகிச்சை முடிந்தவரை விரைவிலேயே எழுந்து நடக்கச் செய்யும் வழக்கம் பரவிவிட்டமையால் இப்பிணக்கு இன்னும் முற்றியது. றோயல் கலைக் கல்லூரியைச் சேர்ந்த புரூஸ் ஆர்ச்சர் என்பவரிடம் பொறுப்பு வந்தது. கெனெத் அக்னியூ என்னும் வடிவமைப்பாளர் அவருடன் உழைத்தார்.

ஆர்ச்சர் முதலிற் படம் வரையவில்லை. கட்டிலைச் சுற்றி உண்மையில் என்ன நடக்கிறது என்று அறியவே முனைந்தார். தாதியர், வைத்தியர், சிற்றூழியர் எவரெவர் கட்டிலைத் தொடுகின்றனர், எதற்காகத் தொடுகின்றனர் என்று வகுத்தறிந்த பின்னரே உலோகத்தை வளைத்தனர். சேஸ் பார்ம் என்னும் வைத்தியசாலையில் மாதிரிக் கட்டில்களை இட்டுப் பரீட்சித்தனர். 1967 இல் இறுதி விதிமுறை வெளிவந்தது. காலால் மிதித்து உயர்த்தவும் தாழ்த்தவும் கூடிய கட்டில் அது. பிரித்தானிய வைத்தியசாலைகளிற் பல தசாப்தங்கள் அதுவே கட்டளைக் கட்டிலாய் விளங்கியது. வடிவமைப்பை ஒரு கல்வித் துறையாக ஆக்கியவர்களுள் ஒருவராக ஆர்ச்சர் இன்று மதிக்கப்படுகின்றார். அப்பெருமைக்கு அடிக்கல் ஒரு வைத்தியசாலைக் கட்டில் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

இவ்வகைக் கட்டில்களின் கால்மாட்டிலேதான் நான் தேடிய பொருள் இருக்கிறது. பார்த்தால் ஒன்றுமே இல்லை என்று தோன்றும். சட்டத்தின் கீழே இரண்டு குழாய்கள் கிடைமட்டமாகச் செருகப்பட்டிருக்கும். அவற்றின் வெளிமுனைகளை ஒரு குறுக்குக் கம்பி இணைக்கும். கையாற் பற்றி இழுத்தால், மேசையின் லாச்சி வருவதுபோல் வெளியே வந்து நிற்கும். களைந்த விரிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக அதிலே தொங்கவிடலாம், அல்லது மடித்து வைக்கலாம். வேலை முடிந்ததும் உள்ளே தள்ளிவிட்டால் நடக்கிறவர் முழங்காலில் இடிக்காது. இரண்டு கதிரைகளின் வேலையை இது செய்துவிடுகிறது. பார்க்க வந்தவனும் எழுந்து நிற்க வேண்டியதில்லை! மின்விசையால் இயங்கும் இன்றைய கட்டில்கள் பலவற்றிலும் இந்த எளிய தட்டு இடம் பெற்றிருக்கிறது. கட்டிலை உயர்த்தவும் வளைக்கவும் மோட்டர் வந்துவிட்டது. துணியை வைக்க இன்னும் இரண்டு குழாய்களே போதுமானவையாக இருக்கின்றன.

நமது பாய்க்கு இத்தொல்லை கிடையாது. விடிந்ததும் படுக்கையையே சுருட்டி மூலையிற் சாத்திவிடுகிறோம். யப்பானியரும் அவ்வாறே மெத்தையை மடித்து, அறைச் சுவரோடு அமைந்த ஒசியிரே என்னும் மாடத்துள் வைத்து மூடிவிடுகின்றனர். படுக்கை பகலிலும் படுக்கையாகவே நிற்கும் வீட்டிலேதான் அதற்குப் பகலுடை ஒன்று தேவைப்படுகிறது. இரவில் அவ்வுடையைக் களைந்தால் வைக்க இடமும் தேவைப்படுகிறது. மேனாட்டார் கால்மாட்டிற் பெட்டகம் வைத்தனர், மரச்சட்டம் நிறுத்தினர். 1964 இல் இலண்டனில் திறக்கப்பட்ட ஹபிற்றாற் என்னும் கடை, மேல்விரிப்பே வேண்டாத இறகுப் போர்வையை அந்நாட்டு மக்களிடையே பிரபலப்படுத்தியது. அது வேறு கதை.

தாயார் வீடு திரும்பினார். அவரைப் பேணும் வேலை என் மனைவியின் தலையில் விழுந்தது என்று எழுதப்போனேன், விழுந்தது முதுகில். எங்கள் வீட்டுக் கட்டில் தாழ்வானது. அவள் ஒரு நாளில் எத்தனை முறை குனிந்தாள் என்பதை நான் எண்ணியதில்லை, எண்ணியிருக்க வேண்டும். ஓரிரவு, வைக்க இடமின்றி, மடித்த மேல்விரிப்பைக் கட்டிலின் கால்மாட்டிலேயே போட்டுவிட்டுப் படுத்துவிட்டாள். நள்ளிரவில் தாயாரின் குரல் கேட்டது. "பிள்ளை, காலிலை கல்லு வைச்சமாதிரிக் கிடக்கு." நைற்றிங்கேல் அம்மையார் ஓர் அத்தியாயத்திற் சொன்னதை அவர் ஒரு வாக்கியத்திற் சொல்லிவிட்டார்.

மறுநாட் காலையில் எங்கள் ஊர் ஆசாரியாரிடம் சென்று, கடதாசியில் வரைந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, "வாத்தியார், இது லாச்சியோ மேசையோ?" என்றார். இரண்டும் இல்லை, கதிரைக்குப் பதிலாக என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். ஆனாலும் பழைய கதவொன்றின் தேக்குச் சட்டங்களைக் கொண்டு இரண்டு நாளிற் செய்து கொண்டுவந்து, கட்டிலின் கீழே பொருத்தியும் தந்தார். குழாய்க்குப் பதிலாக மரம்; ஆகையால் மாரிகாலத்தில் ஊதிக்கொண்டு வெளியே வர மறுத்தது. மெழுகுதிரியைத் தேய்த்தபின் வழிக்கு வந்தது. மனைவி தாயாரைப் புரட்டும் வேளையில் விரிப்புகள் அதன்மேல் ஒழுங்காகக் கிடந்தன. தலையணை தரையில் விழவில்லை.

மூன்று மாதங்கள் சென்றபின் தாயார் கட்டிலை விட்டு இறங்கத் தொடங்கினார். தலைமாட்டுப் பக்கத்திலிருந்து கட்டில் விளிம்பைப் பிடித்தவாறு மெல்ல மெல்லக் கால்மாட்டை அடைவார். அங்கே, வெளியே இழுத்துவிட்ட தட்டின் குறுக்குச் சட்டத்தை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு மூச்சு வாங்குவார். பிறகு மூன்றடி தள்ளியிருக்கும் யன்னலை நோக்கிப் புறப்படுவார். நான் பயந்துபோனேன். துணியைத் தாங்கவே செய்த மரம், ஆளைத் தாங்குமா? ஆசாரியாரை மறுபடியும் அழைத்து, இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்து இறுக்கச் சொன்னேன். அவர் தட்டை இழுத்து அதன்மேல் தம் பாரம் முழுவதையும் ஊன்றிப் பார்த்தார். பின்பு ஆணியைத் தேடியபடியே, "முதலே சொல்லியிருந்தால் ஆள் பிடிக்கிறதெண்டே செய்திருப்பன், வாத்தியார்" என்றார்.