மருந்தின் நான்காம் கூறு

திருக்குறளில் மருந்து என்பது தொண்ணூற்றைந்தாம் அதிகாரம். அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருந்தை நான்கு கூறாக வகுக்கின்றார். நோயாளி, மருத்துவன், மருந்து, அருகிலிருந்து அதனைக் கொடுப்பவன் என்பன அந்நான்கு. நான்காமவனை அவர் உழைச்செல்வான் என்னும் சொல்லாற் சுட்டுகின்றார். உழை என்பது பக்கம். நோயாளியின் பக்கத்தே நின்று இயங்குபவன் உழைச்செல்வான். முப்பது ஆண்டுகளாக இக்குறளை வகுப்பறையில் விளக்கி வந்திருக்கின்றேன். முதல் மூன்று கூறுகளுக்கும் உதாரணம் பல சொல்வேன். நான்காவதற்கு வந்ததும், "தாதியர் போல்வார்" என்று ஒரு தொடரில் முடித்துவிட்டுக் குடிமை அதிகாரத்துக்குப் போய்விடுவேன். அந்த நான்காம் கூறு எத்துணைப் பாரம் உடையது என்பதை 2025ஆம் ஆண்டு ஆனி மாதத்திலேதான் அறிந்துகொண்டேன்.

என் தமக்கையார் ஹட்டனுக்கு அண்மையிலுள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாழ்கின்றார். வயது அறுபத்தாறு. பதினான்கு வயதிற் கூடையைத் தலையில் மாட்டியவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். தோட்டத்தில் ஒருநாள் உழைப்பைப் 'பேர்' என்பர். நாள் முழுவதும் உழைத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். நான் பண்டிதர் பரீட்சைக்குப் படித்த நூல்களிற் பெரும்பாலானவை அவர் ஈட்டிய பேர்களால் வாங்கப்பட்டவை. அதனை அவர் ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை.

ஆனி மாதத்து மழைக்காலை ஒன்றில், அடுப்பு மூட்டக் குனிந்தவர் நிமிர முடியாது சாய்ந்துவிட்டார். வலக்கையும் வலக்காலும் செயலற்றன. வாய் ஒருபுறம் கோணிற்று. பேச முயன்றார், சொல் வரவில்லை. பாரிசவாதம் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தனர், அம்புலன்ஸ் வந்தது. ஆனால் லயத்து வாசல் வரை வண்டி வரப் பாதை இல்லை. கம்பளியில் அவரைக் கிடத்தி நால்வர் சுமந்து றோட்டுக்குக் கொண்டுவந்தனர். வைத்தியர்கள் உயிரைக் காத்துத் தந்தார்கள். பன்னிரண்டு நாட்களின் பின், "இனி இங்கே செய்வதற்கு அதிகமில்லை, மறுவாழ்வு வைத்தியசாலையில் நான்கு வாரம் இருக்கட்டும்" என்றார்கள்.

நிற்க. மறுவாழ்வு வைத்தியம் யாது என்பதை ஈண்டுச் சிறிது கூறல் வேண்டும். உயிரைக் காப்பது ஒரு வைத்தியம். காத்த உயிருக்கு எழவும், நடக்கவும், உண்ணவும், உடுக்கவும், பேசவும் மீளக் கற்பிப்பது மற்றொரு வைத்தியம். பாரிசவாதத்தில் மூளையின் ஒருபகுதி கெட்டுவிடுகிறது. கெடாத பகுதிகள் இடைவிடாப் பயிற்சியினாற் சில பழைய தொழில்களை மீண்டும் பழகிக்கொள்கின்றன. இந்த மீட்சி முதல் மூன்று மாதங்களில் விரைந்து நிகழும். பின்னர் மெல்ல மெல்லவே நிகழும். எனவே காலம் பொன்னினும் அரிது. இலங்கையில் ராகமையிலும் திகனையிலும் இத்தகைய அரசினர் வைத்தியசாலைகள் உள. அவை முதியோர் இல்லங்கள் அல்ல. நோயாளி சில வாரங்கள் தங்கிப் பயின்று வீடு திரும்ப வேண்டிய பள்ளிக்கூடங்கள் என்று அவற்றைச் சொல்லலாம்.

தமிழகத்தில் இத்துறைக்கு வித்திட்டவர் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் நிகழ்ந்த மோட்டார் விபத்தொன்றில் முள்ளந்தண்டு சிதைந்து, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளரின் கைகளைச் சத்திரசிகிச்சையாற் சீர்ப்படுத்தினார். பின்னர் நியூயோர்க் சென்று, போரில் ஊனமுற்ற வீரர்க்கு மறுவாழ்வு தந்த டாக்டர் ஹோவார்ட் றஸ்கிடம் பயின்று திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. அவருக்கு வழிகாட்டியவருள் ஒருவர் டாக்டர் போல் பிராண்ட். கொல்லிமலையிற் பிறந்த ஆங்கிலேயர். கைகள் திருத்தப்பெற்ற தொழுநோயாளர் தொழில் பழகுதற்கு அவர் பெரிய மாளிகை எழுப்பவில்லை. எளிய குடிசைகள் கொண்ட சிற்றூர் ஒன்றை அமைத்தார். திரும்பிச் செல்லும் ஊர் எவ்வாறு இருக்குமோ அவ்வாறே பயிலும் இடமும் இருத்தல் வேண்டும் என்பது அதன் உட்பொருள். இந்த உட்பொருள் எங்கள் குடும்பத்துக்கு விளங்க நான்கு வாரங்கள் பிடித்தன.

அக்காவுடன் தங்கப் பெண்துணை வேண்டும் என்றார்கள். அவர் மகள் சென்றாள். அவளும் கொழுந்து பறிப்பவள்; பள்ளி செல்லும் பிள்ளைகள் இருவருக்குத் தாய். நான் சனி ஞாயிறுகளில் இரண்டு பஸ் மாறிச் சென்று பார்த்து வருவேன். அந்த வைத்தியசாலையின் பெயரைக் கூறாது விடுகின்றேன்; குறை கூறுதல் என் நோக்கமன்று. அங்கே இயன்மருத்துவர் இருவர் இருமருங்கும் தாங்கி, இணைக்கம்பிகளுக்கு இடையே அக்காவை நிறுத்தி நடை பயிற்றினார்கள். எழுந்து நிற்பது எவ்வாறு, உடையில் முதலிற் செயலற்ற கையை நுழைப்பது எவ்வாறு, படுக்கையிற் புரண்டு புண் வராது காப்பது எவ்வாறு என்பனவற்றை மகளுக்கும் கற்பித்தார்கள். முதல் வாரத்தில் அவற்றை அவள் அஞ்சி அஞ்சிச் செய்தாள். மூன்றாம் வாரத்தில் அயற்கட்டில் நோயாளியின் உறவினர்க்கு அவளே சொல்லிக் கொடுத்தாள்.

பேச்சுப் பயிற்சி வேறு விதமாயிருந்தது. பயிற்றுபவர் ஓர் இளம் சிங்களப் பெண்மணி. பாடம் கேட்டுக் கற்ற தமிழை மிக்க அன்போடு பேசினார். படம் வரைந்த அட்டைகளை ஒவ்வொன்றாக நீட்டி, "இது என்ன?" என்று கேட்பார். குளிர்சாதனப்பெட்டி, மேசைவிளக்கு, உண்ணும் மேசை! நோய் வருமுன்னரும் அக்கா இவற்றின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டிய தேவையே எழுந்ததில்லை. அவர் விழித்தார். தாளிலே பிழைக்குறி ஏறிக்கொண்டே போயிற்று. நோயினால் இழந்த சொல் எது, வாழ்விலே இல்லாத சொல் எது என்று அந்த அட்டைகளாற் பகுத்தறிய இயலவில்லை.

இரண்டாம் சனிக்கிழமை நான் அருகிருந்தேன். சுவர்க்குழாயிலிருந்து நீர் விழும் படமொன்று வந்தது. அக்கா அதனை உற்றுப் பார்த்தார். உதடு துடித்தது. "பீ... பீ... பீலி" என்றார். பத்தொன்பது நாட்களின் பின் அவர் வாயிலிருந்து வந்த முதற்பொருட்பெயர் அது. நானோ, வெட்கத்தோடு எழுதுகின்றேன், "பீலி இல்லை அக்கா, குழாய்" என்றேன். பயிற்றுபவர் கையுயர்த்தி என்னைத் தடுத்தார். "சரி தானே சேர்! நாங்களும் பிஹில்ல என்றுதானே சொல்வது!" என்று மகிழ்ந்து, தாளிலே சரி என்று குறித்தார்.

எனக்குப் பழைய நிகழ்ச்சியொன்று நினைவுக்கு வந்தது. தோட்டத்து மாணவன் ஒருவன் தன் கட்டுரையில், "பீலியிற் குளித்தேன்" என்று எழுதியிருந்தான். இலக்கியத்திற் பீலி மயிலிறகு. வள்ளுவரும் அப்பொருளிலேயே ஆண்டிருக்கின்றார். "மயிலிறகிற் குளிப்பது எங்ஙனம்?" என்று சிவப்பு மையில் எழுதினேன், வகுப்புச் சிரித்தது. மலைநாட்டிலே மலைச்சரிவிலிருந்து தகட்டின் வழி விழும் நீர் பீலி என்பது எனக்குத் தெரியாததன்று. அந்த நீரிலே குளித்து வளர்ந்தவனே நான். எனினும் கற்ற கல்வி அச்சொல்லைக் கட்டுரைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது. இஸ்தோப்பு, காம்பரா என்பனவற்றையும் அவ்வாறே அடித்திருக்கின்றேன். அச்சொற்களையெல்லாம் சிங்களப் பெண்மணி எளிதில் உணர்ந்தார். அவர் மொழியிலும் அவற்றின் உறவுச்சொற்கள் வழங்குகின்றன. பண்டிதனின் தமிழுக்கும் பயிற்றுபவரின் சிங்களத்துக்கும் இடையே பாலமாக நின்றது லயத்துத் தமிழே.

அன்று மாலை நானும் மருமகளும் இருந்து புதிய அட்டைகள் எழுதினோம். பீலி, கான், கம்பளி, கூடை, கொழுந்து, பெரட்டு, பிள்ளை மடுவம், இஸ்தோப்பு. படங்களை அவளே வரைந்தாள். என் கை எழுத்துக்கன்றிப் படத்துக்கு உதவாது. நான்காம் வார முடிவில் அக்காவுக்கு இருபது சொற்கள் வரை மீண்டிருந்தன. 'தம்பி' என்பது பதினாறாவதாக வந்தது.

இருபத்தெட்டாம் நாள் வீடு திரும்பினார். கோலூன்றித் தானே நடந்தார். வைத்தியசாலையிற் பயிற்சிப் படிக்கட்டையும் ஏறி இறங்கிக் காட்டினார். அனைவரும் மகிழ்ந்தோம். லயத்து வாசலுக்கு வந்ததும் அந்த மகிழ்ச்சி நின்றுவிட்டது. மருமகள் என்னைப் பார்த்து, "ஆஸ்பத்திரியில பத்துப் படி ஏறுனாங்க மாமா, நம்ம வாசல்ல மூணு படி ஏற மாட்டேங்கிறாங்களே" என்றாள்.

அப்போதுதான் அந்த மூன்று படிகளை நான் கண்விழித்துப் பார்த்தேன். வைத்தியசாலைப் படிகள் ஒரே உயரத்தின, உலர்ந்தவை, இருபுறமும் பிடி உடையவை. எங்கள் படிகளோ கருங்கல்லை அடுக்கியவை, ஒன்று அரை அடி, ஒன்று ஏறக்குறைய ஓரடி, மழையிற் பாசி பிடித்தவை, பற்றிக்கொள்ள ஒன்றுமில்லை. படிக்கும் றோட்டுக்கும் நடுவே திறந்த கான். மலசலகூடம் பின்புறச் சரிவிலே. காம்பராவின் உள்ளே கட்டில் போட்டபின் கோலூன்றித் திரும்ப இடமில்லை. பயிற்சி முழுவதும் இல்லாத ஒரு வீட்டுக்காக நடந்திருந்தது. அக்காவின் வீடு எத்தகையது என்று ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்பதே எமக்குத் தெரியாது.

பின்னர் நடந்தவற்றைச் சுருக்கிக் கூறுகின்றேன். அயல் லயத்து இளைஞர் யூக்கலிப்டஸ் கம்பு வெட்டி, படியின் இடப்புறம் கைப்பிடி நட்டனர். அக்காவுக்குப் பலமுள்ள கை இடக்கை. நடுப்படியை இரண்டாகப் பிரித்துச் சீமெந்து பூசினர். கானின் மீது பலகை இட்டனர். பிளாஸ்டிக் நாற்காலியொன்றின் நடுவே துளையிட்டு இரவுக்கு வைத்துக்கொண்டோம். இவை யாவற்றுக்கும் இரண்டு நாட்களும் சிறு செலவுமே ஆயின. அவை நாங்கள் வருமுன்னரே ஆகியிருந்தால், மீட்சிக்குரிய அந்த மூன்று மாதங்களில் மூன்று வாரங்களைக் கட்டிலிற் கழித்திருக்க வேண்டியதில்லை.

இனிச் செலவுக் கணக்கு ஒன்று. இந்நாட்டில் அரசினர் வைத்தியம் இலவசம், அது பெருமைக்குரியதே. மருத்துவருக்கும் மருந்துக்கும் கட்டிலுக்கும் நாங்கள் ஒரு சதமும் கொடுக்கவில்லை. ஆனால் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2024இல் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. என் மருமகள் வைத்தியசாலையில் நின்ற நான்கு வாரங்களில் இழந்தவை 24 பேர். அஃதாவது 32,400 ரூபா. வைத்தியம் இலவசமாயிற்று; உழைச்செல்வானின் உழைப்புக்கு மட்டும் விலை இருந்தது, அதனை அவளே செலுத்தினாள். தோட்டத் தொழிலாளரின் வைத்திய வசதி பற்றிய கட்டளைச் சட்டமொன்று 1912இல் இயற்றப்பட்டது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாயின. 1992இல் முகாமை கம்பனிகளிடம் சென்றது. 2017இல் டிக்கோயாவிலே இந்திய உதவியுடன் 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை திறக்கப்பட்டது. இக்காலம் முழுவதும் நாம் கேட்டவை மருந்தகம், மருத்துவர், மருந்து என்பனவே. அவை கேட்கத் தக்கவையே. நான்காம் கூறு பற்றி நாம் கேட்டது மிகக் குறைவு.

ஆதலின் மூன்று சிறு வேண்டுகோள்கள். ஒன்று: மறுவாழ்வு வைத்தியத்துக்கு உறவினரை அனுப்புவோர், வீட்டின் படி, கான், கட்டில், மலசலகூடம் ஆகியவற்றைக் கைத்தொலைபேசியிற் படம் பிடித்து முதல்நாளே இயன்மருத்துவரிடம் காட்டுக. அளவும் சொல்லுக. அவர்கள் மனமுவந்து அதற்கேற்பப் பயிற்றுவார்கள் என்பது என் நம்பிக்கை. இரண்டு: நோயாளியின் அருகில் நிற்கும் தொழிலாளிக்குச் சில நாட்களேனும் சம்பளத்தோடு விடுமுறை வேண்டும் என்பதைத் தொழிற்சங்கத்தார் தம் கோரிக்கைகளிற் சேர்ப்பாராக. மூன்று: ஆசிரியர்களும் மாணவர்களும் இலக்கிய வட்டத்தாரும் தத்தம் ஊரின் வீட்டுச்சொற்களைத் திரட்டிப் படத்தோடு அட்டைகளாக எழுதி வைத்தியசாலைகளுக்குக் கொடுப்பாராக. இது செலவில்லாத தமிழ்த்தொண்டு.

அக்காவின் வலக்கை இன்னும் மூடவில்லை. இனி மூடும் என்றும் தோன்றவில்லை. ஆயினும் காலையிற் கைப்பிடியைப் பற்றி நான்கு படிகளையும் இறங்கி, பலகையைக் கடந்து, பீலி வரை சென்று திரும்புகின்றார். மகள் ஓரடி பின்னே செல்கின்றாள், தொடுவதில்லை. உழைச்செல்வான் என்பதற்கு இனி வகுப்பில் நான் சொல்லப்போகும் உதாரணம் அவள்.