போன செவித்திறன் திரும்பாது... போகாமல் காக்கலாம்!

வாலாஜாபாத் வட்டத்திலுள்ள தென்னேரி, பெரிய ஏரியால் பெயர் பெற்ற ஊர். ஏரித் தண்ணீரில் நெல் விளைகிறது. அருகிலேயே காஞ்சிபுரத்துப் பட்டுத்தறிகள். இன்னொரு பக்கம் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகள். தெற்கே உத்திரமேரூர் பக்கம் போனால் கல் அரைக்கும் கிரஷர்கள். அப்பா டிராக்டரிலும், அம்மா தறியிலும், மகன் கம்பெனி பிரஸ் ஷாப்பிலும் வேலை செய்யும் குடும்பங்கள் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல.

நெற்பயிரில் இலை நுனி பழுத்தால் அன்றைக்கே கவனிக்கிறோம். மாடு தீனி எடுக்காவிட்டால் மறுநாளே மருத்துவரை அழைக்கிறோம். ஆனால், வீட்டில் ஒருவருக்குக் காது மந்தமானால் மட்டும் ஆண்டுக்கணக்கில் விட்டுவிடுகிறோம். காரணம் எளிது. பெரும்பாலும் வலி இருக்காது, வீக்கம் இருக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் பாதிக்கப்பட்டவருக்கே தெரியாது.

உலகம் முழுவதும் சுமார் 43 கோடி பேருக்குச் செவித்திறன் குறைபாட்டுக்காக உதவி தேவைப்படுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். 2011-ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்தியாவில் 50 லட்சம் பேர் செவித்திறன் குறைபாடு உள்ளவர்களாகப் பதிவாகியிருக்கிறார்கள். குழந்தைகளுக்கு வரும் குறைபாட்டில் 60 சதவிகிதம் தடுக்கக்கூடியது என்பதும் அதே நிறுவனத்தின் கணிப்பு. அந்தத் தடுப்பு வேலையில் பாதி, குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது.

கோழிக்கு முளைக்கும்... மனிதனுக்கு முளைக்காது!

காதுக்குள் நுழையும் ஒலி செவிப்பறையை அதிர வைக்கிறது. அந்த அதிர்வு மூன்று சிறு எலும்புகள் வழியாக, நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் காக்ளியா என்னும் உறுப்புக்குப் போகிறது. அங்கே காதுக்குச் சுமார் 15,000 மயிர்ச் செல்கள் வரிசையாக நிற்கின்றன. ஒலி வரும்போது இவை அசைந்து, செய்தியை நரம்புக்குக் கொடுக்கின்றன.

காற்றில் சாயும் நெற்பயிரைப் போலத்தான் இவையும். லேசாகச் சாய்ந்தால் நிமிர்ந்துவிடும். பலத்த காற்று திரும்பத் திரும்ப அடித்தால் படுத்துவிடும். 1980-களின் பிற்பகுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு வியப்பான உண்மையைக் கண்டுபிடித்தார்கள். பலத்த சத்தத்தால் அழிந்த மயிர்ச் செல்கள், கோழிக்குஞ்சுகளுக்குச் சில வாரங்களில் மறுபடி முளைத்துவிட்டன. மனிதனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. பறவைகளின் அந்தத் திறனை மனிதக் காதிலும் தூண்ட முடியுமா என்று ஆராய்ச்சி தொடர்கிறது. இன்றைய தேதிக்கு, அழிந்த செல்லை முளைக்க வைக்கும் மருந்து கடையில் இல்லை. எனவே, வருமுன் காப்பதுதான் ஒரே வழி.

தறியும் டிராக்டரும்

சத்தத்தால் காது கெடும் என்பது பழைய செய்தி. 1700-ம் ஆண்டிலேயே இத்தாலி மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி, செம்புப் பாத்திரம் தட்டுபவர்களுக்குக் காது மந்தமாவதை எழுதி வைத்தார். அது எந்த வேகத்தில் கெடுகிறது என்பதை நெசவாளர்களை வைத்தே அளந்து காட்டினார்கள், ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில். வங்காளத்துச் சணலை நெய்த ஆலைகள் அங்கே இருந்தன. இயந்திரத் தறிகளில் பல்லாண்டுகள் வேலை பார்த்த பெண் நெசவாளர்களைப் பரிசோதித்து, 1965-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் 10, 15 ஆண்டுகளிலேயே கீச்சொலிகளைக் கேட்கும் திறன் வேகமாகக் குறைந்துவிடுகிறது. பிறகு, பேச்சைப் புரிந்துகொள்ளும் திறனையும் அது பிடிக்கிறது. அதாவது, கெடுதலின் பெரும்பகுதி இளம் வயதிலேயே நடந்துவிடுகிறது. தெரிய வருவதுதான் வயதான பிறகு.

ஒரு பட்டுக் கைத்தறியின் ஓசை, விசைத்தறிக் கூடத்தின் இரைச்சலுக்கு ஈடாகாது. கவனிக்க வேண்டியவர்கள் விசைத்தறி, பிரஸ் ஷாப், கிரஷர் ஆகிய இடங்களில் வேலை செய்பவர்களும், டிராக்டர், நெல் அறுவடை இயந்திரம், பவர் ஸ்ப்ரேயர் ஆகியவற்றை இயக்குபவர்களும்தான்.

சத்தத்தை டெசிபல் என்னும் அளவில் குறிக்கிறார்கள். 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம் என்பது பொதுவான பரிந்துரை. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 88 டெசிபலில் 4 மணி நேரம், 91-ல் 2 மணி நேரம், 94-ல் 1 மணி நேரம். கேபின் இல்லாத டிராக்டரை உழவில் ஓட்டும்போது, ஓட்டுநரின் காதருகே 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். நாள் முழுக்க உழவு ஓட்டினால் கணக்கு என்னவாகும் என்று பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு விஷயமும் பல நாட்டு ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. டிராக்டர் ஓட்டும் விவசாயிகளுக்கு இடது காது கூடுதலாகக் கெடுகிறது. வலது தோளுக்கு மேல் திரும்பிக் கலப்பையைப் பார்த்தபடி ஓட்டும்போது, இடது காது இன்ஜின் பக்கம் திரும்பிவிடுவதே இதற்குக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

மருந்து தெளிப்பவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். ஆர்கனோ பாஸ்பரஸ் வகைப் பூச்சிக்கொல்லிகளுக்கும் செவித்திறன் குறைவுக்கும் தொடர்பு இருப்பதைச் சில ஆய்வுகள் சுட்டிக்காட்டுகின்றன. பவர் ஸ்ப்ரேயரின் இரைச்சலும் அதோடு சேர்ந்துகொள்கிறது. முகக்கவசம், கையுறையோடு காதடைப்பானும் தெளிப்பு உடையில் ஒன்றாக வேண்டும்.

எளிய சோதனை: ஒரு கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால், அந்த இடத்துச் சத்தம் ஆபத்தானது. வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதில் 'ஙொய்' என்று இரைந்தால், அது எச்சரிக்கை மணி.

பஞ்சு வைத்துக்கொள்வது போதாது. பஞ்சு சத்தத்தைத் தடுக்காது. மருந்துக் கடைகளில் கிடைக்கும் நுரையாலான இயர் பிளக் விலை குறைந்தது. அதை விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையால் காது மடலை மேல்நோக்கி இழுத்துப் பிடித்துச் செருகி, அது விரியும் வரை அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். தொழிற்சாலையில் சத்தம் மிகுந்த பிரிவில் காதடைப்பான் கொடுக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை. கேட்டு வாங்கிப் போட வேண்டியது தொழிலாளியின் கடமை. டிராக்டரில் ஓட்டை விழுந்த சைலன்சரை மாற்றுவதும் காதுக்குச் செய்யும் செலவுதான்.

நாற்றங்காலிலேயே கவனியுங்கள்

உலக அளவில், பிறக்கும் 1,000 குழந்தைகளில் 1 முதல் 3 குழந்தைகளுக்குப் பிறவியிலேயே செவித்திறன் குறைபாடு இருக்கிறது. காது கேட்காத குழந்தை மற்றக் குழந்தைகளைப் போலவே சிரிக்கும், தவழும், நடக்கும். இரண்டு வயதாகியும் பேச்சு வராதபோதுதான் சந்தேகம் வருகிறது. "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினார்" என்று மேலும் ஓராண்டைக் கழித்துவிடுகிறார்கள்.

6 மாதத்துக்குள் குறை கண்டுபிடிக்கப்பட்டு உதவி பெற்ற குழந்தைகள், தாமதமாகக் கண்டுபிடிக்கப்பட்ட குழந்தைகளைவிட நன்றாக மொழி பழகுகிறார்கள் என்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் நடந்த ஆய்வு 1998-ல் காட்டியது. அதிலிருந்து '1-3-6' என்னும் கணக்கு உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்துதல், 6 மாதத்துக்குள் சிகிச்சை தொடக்கம். நாற்றங்காலில் விட்டதை நடவு வயலில் சரிக்கட்ட முடியாது என்பது விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கிராமத்தில் இது நடக்குமா? நடக்கும் என்று தமிழ்நாட்டிலேயே காட்டியிருக்கிறார்கள். சென்னை போரூரிலுள்ள ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் செவித்திறன் துறையினர், கிராமத்துச் சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளைப் பரிசோதிக்க வைத்தார்கள். சந்தேகத்துக்குரிய குழந்தைகளுக்கு அடுத்தகட்டச் சோதனை செய்ய, இணைப்பு வசதியுள்ள வேன் ஊருக்கே வந்தது. நிபுணர் நகரத்தில் இருந்தபடியே சோதனையை நடத்தினார். தூங்கும் குழந்தையின் தலையில் சிறு மின்வாய்களை ஒட்டி, ஒலிக்கு மூளை தரும் பதிலைப் பதிவு செய்யும் சோதனை அது. ஊசியோ வலியோ கிடையாது. இதே வேலையைச் செய்யும் 'சோஹம்' என்னும் இந்தியத் தயாரிப்புக் கருவி 2017-ல் அறிமுகமானது.

குறைபாடு கடுமையாக இருந்து, காது கேட்கும் கருவி பயன்தராத குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளான்ட் அறுவை சிகிச்சை உண்டு. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், 6 வயதுக்கு உட்பட்ட தகுதியுள்ள குழந்தைகளுக்கு இது செய்யப்படுகிறது. ஆயிரக்கணக்கான குழந்தைகள் பயன்பெற்றிருக்கிறார்கள். ஆனால், 6 வயது வரை காத்திருக்கலாம் என்று பொருளல்ல. எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கருவி பொருத்தியதும் பேச்சு வந்துவிடாது. ஓராண்டுக்குக் குறையாமல் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போக வேண்டும். நட்ட பிறகு தண்ணீர் கட்டாமல் விட்ட வயலின் கதிதான், பயிற்சியைப் பாதியில் விட்ட குழந்தைக்கும்.

நெருங்கிய சொந்தத்தில் திருமணம்

தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 28 சதவிகிதத் திருமணங்கள் சொந்தத்துக்குள் நடக்கின்றன. இந்தியாவிலேயே இது அதிகம். பிறவிக் குறைபாட்டில் கணிசமான பங்கு மரபுவழி வருவது. கனெக்சின் 26 என்னும் புரதத்தை உருவாக்கும் மரபணுவில் உள்ள பழுது காது கேளாமையை உண்டாக்குகிறது என்று 1997-ல் கண்டறிந்தார்கள். தாய், தந்தை இருவருமே நன்றாகக் கேட்பவர்களாக இருந்தும், இருவரிடமும் அந்தப் பழுது மறைந்திருந்தால் குழந்தைக்குக் குறை வரலாம். ஒரே குடும்பத்து ரத்தம் என்றால் அந்த வாய்ப்பு கூடுகிறது. மாட்டுக்குச் சினை ஊசி போடும்போது நெருங்கிய ரத்தம் கூடாது என்று பார்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். சொந்தத்தில் திருமணம் முடித்தவர்கள் கலங்க வேண்டியதில்லை. பிறந்த குழந்தைக்குப் பரிசோதனையை மட்டும் தவறவிடக் கூடாது.

மண்ணில் பிறந்த மருந்தும் காதும்

1943-ல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், மண் நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் கண்டுபிடிக்கப்பட்டது ஸ்ட்ரெப்டோமைசின். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து எடுத்தது. நெல்லில் பாக்டீரியா இலைக்கருகலுக்கு விவசாயிகள் அறிந்த ஸ்ட்ரெப்டோசைக்ளினிலும் இருப்பது இதுதான். காசநோயிலிருந்து லட்சக்கணக்கானவர்களைக் காப்பாற்றிய இந்த மருந்தும், இதே குடும்பத்தைச் சேர்ந்த ஜென்டாமைசின், கானாமைசின் ஊசிகளும் சிலருக்குக் காதின் மயிர்ச் செல்களை அழித்துவிடுகின்றன. தாய்வழியில் வரும் ஒரு மரபணு மாற்றம் உள்ளவர்களுக்குக் கொஞ்சம் மருந்தே கேடு செய்யும் என்று 1993-ல் தெரியவந்தது.

எனவே, தாய் வழிச் சொந்தத்தில் யாருக்காவது ஊசி போட்ட பிறகு காது போயிருந்தால், அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். படிக்காதவரிடம் காய்ச்சலுக்கு ஊசி போட்டுக்கொள்ளவே கூடாது. காசநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் தாமாக மருந்தை நிறுத்தக் கூடாது. காதில் இரைச்சலோ தலைச்சுற்றலோ வந்தால் உடனே மருத்துவரிடம் சொன்னால் போதும்.

முதியவர்களை ஒதுக்காதீர்கள்

காது கேட்காத பெரியவர்களிடம் பேச்சைக் குறைத்துக்கொள்வது பல வீடுகளில் வழக்கம். செவித்திறன் குறைவு, மறதி நோய்க்கான காரணங்களில் தடுக்கக்கூடிய ஒன்று என்று மருத்துவ ஆய்வுகள் சொல்கின்றன. 70 வயதைத் தாண்டிய 977 பேரிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வின் முடிவு 2023-ல் வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால், மறதி வரும் வாய்ப்பு அதிகமுள்ளவர்களிடம், காது கருவியும் ஆலோசனையும் கொடுத்தபோது, 3 ஆண்டுகளில் நினைவுத்திறன் சரிவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. கருவியை வாங்கிப் பெட்டியில் வைக்காமல், தினமும் அணிய வைத்துப் பழக்குவது வீட்டாரின் பொறுப்பு.

வாசகர்கள் கேட்கும் கேள்விகள்

பிள்ளையின் காதில் அடிக்கடி சீழ் வடிகிறது. ஏரியில் குளிக்கலாமா?

கூடாது. சீழ் வடிந்தால் செவிப்பறையில் ஓட்டை இருக்கக்கூடும். அதில் தண்ணீர் போனால் நோய் முற்றும். தலைக்குக் குளிக்கும்போது வாஸ்லின் தடவிய பஞ்சைக் காதில் வைத்து, குளித்ததும் எடுத்துவிட வேண்டும். நாற்றமடிக்கும் சீழ், தலைவலி, முகம் கோணுதல் ஆகியவை அபாய அறிகுறிகள். அன்றே காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். ஓட்டையை அறுவை சிகிச்சையால் அடைக்க முடியும்.

காது வலிக்குப் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விடலாமா?

வேண்டாம். சூடான எண்ணெய் தோலையும் செவிப்பறையையும் சுடும். ஈரமும் எண்ணெயும் தங்கினால் காதில் பூஞ்சை வளரும். கொண்டை ஊசி, தீக்குச்சி, பட்ஸ் எதையும் காதுக்குள் விடக் கூடாது. குறும்பி தானாக வெளியேறும்.

குழந்தை காதில் பயறு போட்டுக்கொண்டது. தண்ணீர் ஊற்றலாமா?

கூடாது. பயறோ நெல்மணியோ ஊறினால் உப்பி இறுகிவிடும். நோண்டாமல் மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.

காலையில் எழுந்தபோது ஒரு காது திடீரெனக் கேட்கவில்லை. சளி என்று விட்டுவிடலாமா?

விடக் கூடாது. நரம்புவழிக் கேளாமை சிலருக்குத் திடீரென வரும். இதற்கு மருந்து உண்டு. ஆனால், முதல் சில நாள்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். இரண்டு வாரம் கடந்தால் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும்.

எங்கே போய்ப் பரிசோதிப்பது?

காஞ்சிபுரம் அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவை அணுகலாம். பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் வரும் குழந்தைகள் நலத் திட்ட மருத்துவக் குழுவிடமும் பிள்ளையைக் காட்டலாம். அடையாள அட்டை, காது கருவி ஆகியவற்றுக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விசைத்தறி, டிராக்டர், கிரஷர் வேலையில் இருப்பவர்கள் ஆண்டுக்கொரு முறை செவித்திறன் சோதனை செய்து, அந்தத் தாளை மண் பரிசோதனை அட்டையைப் போலப் பத்திரப்படுத்தி வைக்கலாம். அடுத்த ஆண்டுத் தாளோடு ஒப்பிட்டால், காது எந்த நிலையில் இருக்கிறது என்பது அவர்களுக்கே தெரிந்துவிடும்.