திரையில் வரும் புதிய தலைமை

உதவி வழங்கும் நிறுவனம் ஒன்றுக்குப் புதிய தலைவர் வந்துவிட்டார் என்ற செய்தி எட்டியதும், கிராமத்துச் சங்கத்தில் முதலில் எழும் கேள்வி, "அடுத்த தவணைப் பணம் வருமா?" என்பதுதான். அவருடைய படிப்பு, கொள்கை, தூரநோக்கு யாவும் அதற்குப் பிறகு. இக்கேள்வியைச் சிறுமையானதென நாம் கருதவில்லை. நாற்று வாங்கிவிட்டுக் காத்திருப்பவர்கள் வேறெதைக் கேட்பார்கள்?

2020இல் கொரோனாத் தொற்று பயணங்களை முடக்கியதிலிருந்து, இத்தகைய தலைவர்கள் பலர் சங்கங்களை முதன்முதலில் கணினித் திரையிலேயே சந்திக்கின்றனர். இதனால் மக்களுக்கு என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காமற் போகிறது என்பதை ஒரு நிறுவனத்தின் கதையோடு சேர்த்து நோக்குவோம்.

இன்ரர்-அமெரிக்கன் பவுண்டேஷன் என்பது ஐக்கிய அமெரிக்கக் காங்கிரஸ் 1969இல் சட்டத்தால் உருவாக்கிய அரச நிறுவனம். 1971இல் பணி தொடங்கியது. 1961இல் ஜனாதிபதி கெனடி ஆரம்பித்த 'முன்னேற்றத்துக்கான கூட்டணி' பெருந்தொகைப் பணத்தை இலத்தீன் அமெரிக்க அரசாங்கங்களின் கையிற் கொடுத்தது. அது ஏழைகளைப் போதியளவு சென்றடையவில்லை என்ற ஏமாற்றமே இந்நிறுவனத்தின் பிறப்புக்குக் காரணம். ஆகவே கூட்டுறவுச் சங்கங்களுக்கும் உள்ளூர் அமைப்புகளுக்கும் நேரடியாகச் சிறு தொகைகளை வழங்குவது அதன் வழியாயிற்று. திட்டத்தை வரைபவர்கள் மக்கள். நிறுவனம் அதைப் பரிசீலித்துப் பதில் சொல்லும். சங்கமும் பணமாகவோ உழைப்பாகவோ தன் பங்கைப் போடவேண்டும். அந்தந்த நாடுகளில் அலுவலகம் திறக்காமல், தலைமையகத்திலிருந்து பிரதிநிதிகள் கிராமங்களுக்குப் போய் வந்தனர்.

இந்தப் 'போய் வருதல்' சிறிய காரியமன்று. நேரில் போகிறவர் தராசைப் பார்ப்பார். பூட்டிக் கிடக்கும் களஞ்சியத்தைப் பார்ப்பார். தலைவர் பேசும்போது பின்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கொள்வதையும் பார்ப்பார். திரையோ, கமராவை எந்தப் பக்கம் திருப்பினோமோ அந்தப் பக்கத்தை மட்டுமே காட்டும். நன்றாகப் பேசத் தெரிந்த செயலாளர் முன்னால் இருப்பார்; கணக்கைச் சுமக்கும் பொருளாளர் ஓரத்தில் மௌனமாக இருப்பார். ஸ்பானிய மொழியே இரண்டாம் மொழியாக உள்ள கெச்சுவா விவசாயி, மொழிபெயர்ப்பாளர் இருவரைத் தாண்டியே தலைவரைச் சென்றடைய வேண்டும். அதற்குள் இணைப்பும் அறுந்து போகலாம்.

ஆயினும் திரையை முற்றாகப் பழிக்க எமக்கு மனமில்லை. பெரியவர் ஒருவர் நேரில் வருகிறார் என்றால் எமது கிராமங்களில் நடப்பதை வாசகர் அறிவர். பந்தல், மாலை, பொன்னாடை, சிறுவர் நடனம், மதிய உணவு. பேச்சுக்கு எஞ்சுவது கால்மணி நேரம். திரைக்கு மாலை போட முடியாது. அத்துடன், தலைநகரையே கண்டிராத மலைநாட்டுப் பெண்ணொருத்தி தலைவரின் முகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்க முடிகிறது. அந்தக் கேள்வியை மற்றச் சங்கங்களும் அதே நேரத்தில் கேட்கின்றன. நாடு விட்டு நாடு ஒருவரையொருவர் அறியாத சங்கங்களுக்கு இது பெரிய இலாபம்.

ஆனால் அன்பாகப் பேசுகிற தலைவரின் கையில் எவ்வளவு அதிகாரம் இருக்கிறது? 1980இல் இந்நிறுவனத்தின் தலைவரான பீற்றர் பெல்லை 1983இல் பணிப்பாளர் சபை நீக்கியது. ஜனாதிபதி றேகன் நியமித்தவர்களே அச்சபையில் அப்போது பெரும்பான்மையாயிருந்தனர். 2022இல் தலைமைப் பொறுப்பேற்ற சேரா ஏவியலுக்கு நேர்ந்தது அதனினும் பெரிது. 2025 பெப்ரவரி 19ஆம் திகதி ஜனாதிபதி ட்ரம்ப், நிறுவனத்தைச் சட்டம் அனுமதிக்கும் ஆகக்குறைந்த அளவுக்குச் சுருக்கும்படி கட்டளையிட்டார். சில நாட்களுள் ஏவியல் நீக்கப்பட்டார். ஏறக்குறைய எல்லா உதவிகளும் இரத்தாயின. பெருவில் அல்பாகா வளர்ப்பு, ஹொண்டூராசில் பழமும் ஜாமும் விற்றல், குவாத்தமாலாவில் காளானையும் பட்டாணியையும் சந்தைப்படுத்தல், பிரேசிலில் தேனீ வளர்ப்பு ஆகியன வீண்செலவுப் பட்டியலிற் பகிரங்கமாக இடப்பட்டன.

தேனீப் பெட்டி ஒன்று ஒரு குடும்பத்துக்கு என்னவென்று அப்பட்டியலைத் தயாரித்தவர்களுக்குத் தெரிந்திராது. காங்கிரஸ் இந்நிறுவனத்துக்கு 2024ஆம் நிதியாண்டில் ஒதுக்கியது 4 கோடி 70 இலட்சம் டொலர். அந்நாட்டின் வரவுசெலவில் இது கண்ணுக்கே தெரியாத தொகை.

2025 ஏப்ரலில் நீதிபதி லோரன் அலிகான், ஏவியல் பதவியில் தொடர இடமளிக்கும் இடைக்காலக் கட்டளையைப் பிறப்பித்தார். நீதிமன்றம் தலைவரை மீட்கலாம். ஆனால் தவறிப்போன விதைப்புப் பருவத்தை எந்த நீதிமன்றமும் மீட்டுத் தராது.

எனவே திரைச் சந்திப்புக்கு அமரும் சங்கம் நன்றியுரையைச் சுருக்கிக்கொண்டு சில கேள்விகளைக் கேட்பது நல்லது. ஒப்பந்தத்தில் உதவியை இடைநிறுத்தும் பிரிவு எது? நிறுத்தினால் ஏற்கெனவே செய்த செலவை யார் பொறுப்பது? தவணைகளைப் பயிர்க்காலத்துக்கு ஏற்ப முன்கூட்டித் தரலாமா? சொன்ன பதில்கள் எழுத்தில் வருமா? மரியாதையாகக் கேட்கலாம், கேட்காமல் விடக்கூடாது.

பெல் பதவியில் இருந்த 1983இல், பொருளியலாளர் அல்பேட் ஹேர்ஷ்மன் ஆறு நாடுகளில் 14 வாரங்கள் சுற்றி, இந்நிறுவனம் உதவிய 45 திட்டங்களை நேரிற் பார்த்தார். கொலம்பியாவின் கரையோரத்தில் கிறிஸ்ரோ றே என்ற ஊரில் மீனவர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றைக் கண்டார். அதன் அங்கத்தவர்கள் முன்னர் ஒன்றுகூடிக் காணி ஒன்றிற் குடியேறி, அங்கிருந்து வெளியேற்றப்பட்டவர்கள். காணி கிடைக்கவில்லை. அன்று சேர்ந்து நின்ற பழக்கம் மட்டும் அவர்களிடம் மிஞ்சியது. சில வருடங்களின் பின் அதை வைத்துக்கொண்டு அவர்கள் கடலுக்குப் போனார்கள்.