கால் தெரியாமல் கரண்ட் கொடுக்காதீங்க!



2006-ல் தொடங்கிய திட்டத்தில் வந்த இலவச டிவியும், 2011-ல் வந்த மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறியும் இப்போது பழசாகிவிட்டன. திருச்சி, ஸ்ரீரங்கம் பக்கம் பழுது பார்க்கக் கற்கும் நம் பெண்கள், காயலான் கடைச் சாமானில் கிடைக்கும் பாகங்களைத் திரும்பப் பயன்படுத்தினால் செலவு மிச்சம். ஆனால் எந்தக் கால் எதற்கு என்று தெரியாமல் இணைத்தால் பாகம் கருகும், உயிருக்கும் ஆபத்து.

முதலில் என்ன செய்யணும்?

பிளக்கைக் கழற்றுங்க. அப்புறமும் போர்டில் உள்ள பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். மீட்டரில் டிசி வோல்ட் பார்த்து, பூஜ்யத்துக்கு வந்த பிறகே தொடுங்க. டப்பா டிவியைத் திறக்கவே வேண்டாம். அதன் பிக்சர் டியூபில் சுமார் 20,000 வோல்ட் இருக்கும்.

உருவத்தைப் பார்த்து நம்பலாமா?

கூடாது. 7805, 7905 என்ற இரண்டு ரெகுலேட்டரும் பார்க்க அக்கா தங்கை மாதிரி. எழுத்து நம்மைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடியுங்க. 7805-ல் இடது கால் கரண்ட் உள்ளே வருவது, நடுக்கால் கிரவுண்ட், வலது கால் வெளியே போவது. 7905-ல் இடது கால் கிரவுண்ட், நடுக்கால்தான் உள்ளே வருவது! அதனால் நம்பரைப் படிச்சு, அதற்கான கால் படத்தைப் பாருங்க. நம்பர் அழிந்திருந்தால் ஒதுக்கி வையுங்க.

டிரான்ஸ்பார்மர் என்றால்?

பழைய ஸ்பீக்கர் பெட்டி, டேப் ரிக்கார்டரில் இருக்கும் இரும்புத் தகடு வைத்த டிரான்ஸ்பார்மரை மீட்டரில் ஓம் வைத்துப் பாருங்க. ஒன்றோடொன்று தொடர்பு காட்டும் கால்கள் ஒரே சுருள். சிறிய டிரான்ஸ்பார்மரில் 230 வோல்ட் பக்கம் நூற்றுக்கணக்கில் ஓம் காட்டலாம். 12 வோல்ட் பக்கம் சில ஓம்தான். மாற்றிக் கொடுத்தால் சுருள் எரியும், மறுபக்கம் மிக அதிக வோல்ட் வரும். டிவி, சார்ஜர் போர்டில் உள்ள கறுப்புக் கல் மாதிரி டிரான்ஸ்பார்மருக்கு நேரடியாக 230 வோல்ட் கொடுக்கவே கூடாது.

கடைசிச் சோதனை

தொழில் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கும்போது, 60 வாட் குண்டு பல்பை சீரிஸில் போட்டு கரண்ட் கொடுங்க. பல்பு எரியாவிட்டாலோ, லேசாக மினுக்கினாலோ பயமில்லை. பளிச்சென்று எரிந்தால் உடனே சுவிட்சை அணைங்க. இணைப்பு தப்பு, இல்லை சுருள் ஷார்ட்.

குழுவுக்குப் பொதுவாக ஒரு மல்டிமீட்டர் வாங்கி வைக்கலாமே! அடுத்த கூட்டத்தில் பேசுங்க. நம்பரைப் படி, அளந்து பார், பிறகு இணை. இந்த வரிசை மாற வேண்டாம்.