காது மிஷின் மாட்டுகிறவரும் 'ரிஜிஸ்டர்' ஆகியிருக்க வேண்டும்! நம்பரைக் கேட்டீர்களா?

சென்னை,

தாம்பரம் எலெக்ட்ரிக் டிரெயினில் எதிர் சீட்டில் ஒரு பெரியவர். ரிட்டயர்டு ஹெட்கிளார்க். கையில் சின்ன டப்பா. உள்ளே புத்தம் புது காது மிஷின்.

"ஏன் சார், மாட்டிக்கலையா?" என்று இரண்டு தடவை கத்திக் கேட்டோம்.

"மாட்டினா ரயில் சத்தமெல்லாம் மண்டைக்குள்ள இடிக்குது தம்பி. பேரன் பேசறது மட்டும் கேக்கல!"

பதினெட்டாயிரம் ரூபாய் கொடுத்தாராம். சோதனை நடந்தது கடையின் முன்பக்கம், கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில். வெளியே பஸ் ஹாரன். பத்தே நிமிஷம்! "வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். டாக்டர்னு நெனச்சேன்" என்றார்.

கோட்டு யார் வேண்டுமானாலும் போடலாம். காது சோதிப்பதும் பேச்சுப் பயிற்சி கொடுப்பதும் அப்படியல்ல. அதற்கென்றே 1992-ல் பார்லிமெண்டில் சட்டம் வந்தது. அதன்படி 1993 முதல் இயங்குவதுதான் இந்திய மறுவாழ்வு கவுன்சில். அங்கீகரித்த படிப்புப் படித்து, கவுன்சில் பதிவேட்டில் பெயர் ஏறினால்தான் தொழில் நடத்தலாம். கோர்ட்டில் நிபுணராகச் சாட்சி சொல்லவும் அந்தப் பதிவு வேண்டும். காது மிஷின் டெக்னீஷியன், காதுக்கு அச்சு எடுக்கிறவர் உள்பட எல்லோரும் இந்தப் பட்டியலில் உண்டு. இது பலருக்குத் தெரியாது.

மீறினால்? சட்டம் எழுதியபோது வைத்த தண்டனை ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! ஒரு மிஷின் விற்றால் வருகிற லாபத்துக்குக் காணுமா?

விலக்கு யாருக்கு?

"இருபது வருஷ அனுபவம் சார்" என்பார்கள். அனுபவத்துக்கு விலக்கு இல்லை. சட்டம் அமலுக்கு வந்த அன்று தகுதியான படிப்பு கையில் வைத்திருந்தவர்களுக்கு மட்டும், பதிவு செய்துகொள்ள ஆறு மாத அவகாசம் தரப்பட்டது. அது முடிந்து எத்தனையோ வருஷமாகிறது. காது-மூக்கு-தொண்டை டாக்டர்களின் பதிவு வேறு. அது மெடிக்கல் கவுன்சில் சமாச்சாரம்.

முறையான சோதனை சத்தம் புகாத அறையில் நடக்கும். ஹெட்போன் மாட்டி, தாழ்ந்த சுருதியிலிருந்து உச்சம் வரை ஒவ்வொரு ஒலியாகக் கொடுப்பார்கள். காதுக்குப் பின்னால் எலும்பில் கருவி வைத்தும் பார்ப்பார்கள். குறும்பி அடைப்பா, சீழா, நரம்புக் கோளாறா என்று தெரியாமல் மிஷின் மாட்டினால் காசு தண்டம். ஒலி அளவுக்கு மீறினால் மிச்சமிருக்கும் கேள்வித் திறனும் போகும்.

குழந்தை விஷயம் இன்னும் மோசம். இரண்டு வயதாகியும் பேச்சு வரவில்லை என்றால் முதலில் காதைச் சோதிக்க வேண்டும். அது செய்யாமல் மாடி ரூமில் 'ஸ்பீச் கிளாஸ்' என்று மாதா மாதம் பணம் கறந்தால், போன வயசு திரும்பி வருமா?

பதிவுச் சான்றிதழில் நம்பர் இருக்கும். கவுன்சில் இணையதளத்தில் சரிபார்க்கலாம். பில்லையும் பாருங்கள்: காது மிஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

இதையெல்லாம் பெரியவரிடம் கத்திச் சொன்னால் பெட்டியே திரும்பிப் பார்த்தது. கடைசியில் அவர் நீட்டிய பில்லின் பின்பக்கம், "உங்கள் பதிவு நம்பர் என்ன?" என்று எழுதிக் கொடுத்தோம். படித்துப் பார்த்து, மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சைதாப்பேட்டையில் இறங்கினார்.